என் பெயரில் ஆடியவள்

எங்கள் கல்லூரியில் ஆண்களுக்குக் கபடி அணி இருந்தது. கைப்பந்து அணி இருந்தது. முதல்வர் அறைக்கு எதிரே கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. பெண்களுக்கு ஒரு கேரம் பலகை இருந்தது. அதிலும் சிவப்புக் காயைக் காணோம்.

நாமக்கல் போகும் சாலையில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த கல்லூரி அது. காற்று திசை மாறினால் வகுப்பில் எல்லோருடைய துப்பட்டாவும் மூக்குக்குப் போய்விடும். நான் எடப்பாடியிலிருந்து வந்து விடுதியில் சேர்ந்தேன். அப்பா அங்கே ஒரு விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டினார். பள்ளியில் ஐந்து வருடம் கபடி ஆடியிருந்தேன். இடது ஓரத்தில் நின்று, ரெய்டு வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. கல்லூரியிலும் ஆடலாம் என்று நம்பித்தான் வந்தேன்.

என் அறைக்கு வந்து சேர்ந்தவள் வாழப்பாடிக்காரி. என்னைவிட அரை அடி உயரம். சிரித்தால் பக்கத்து அறைவரை கேட்கும். அவளும் கபடி ஆடியவள். முதல் நாள் நான் விடுதிச் சமையல்கார அம்மாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உங்க ஊர்ல நாயை வெரட்டினாக்கூட ‘போங்க’ன்னுதான் வெரட்டுவீங்களாடி?”

“ஆமாங்க” என்றேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வரிசையில் எங்களில் ஒருத்தி நின்றால் போதும், தட்டு இரண்டு நீளும்.

பெண்களுக்கும் ஒரு கபடி மன்றம் வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். மனு எழுதியது நான். “பத்துப் பேர் கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா, பாக்கலாம்” என்றார் முதல்வர். பத்துப் பேர் தேறமாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு. பதினொரு கையெழுத்தோடு போய் நின்றோம். அதில் மூன்று பேருக்குக் கபடியில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது.

வேதியியல் துறையின் உடைந்த முக்காலிகள் கிடந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். விடுதிக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தை மூன்று சனிக்கிழமைகள் வெட்டி ஆடுகளமாக்கினோம். ஒருத்தியின் மாமா டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. இங்கே ஒருத்தி ‘கபடி கபடி’ என்று மூச்சுப் பிடித்துப் போனால், அங்கே தகரத்தில் சுத்தியல் விழும். அவள் பாடுகிறாளா நிறுத்திவிட்டாளா என்று எங்களுக்கே தெரியாமல் சண்டை வரும்.

மன்றத்துக்கு ஒரு நீள நோட்டுப் போட்டோம். அவள் சொல்லச் சொல்ல நான் விதிகளை எழுதினேன். முதல் விதி: ‘பயிற்சிக்கு வந்தவளே ஆட்டத்துக்கு இறங்குவாள். எவ்வளவு நன்றாக ஆடினாலும் வராதவளுக்கு இடமில்லை.’ கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவள் கேப்டன், நான் செயலாளர்.

கபடியில் ஓரத்தில் நிற்பவளும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கைகோத்து நிற்பார்கள். என் வலது கை எப்போதும் அவளுடைய இடது கையில் இருக்கும். அவள் விரலை ஒருமுறை அழுத்தினால் ‘பாய்’ என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் காத்திருக்க வேண்டும். இரண்டரை வருடம் அந்த அழுத்தத்தை நம்பித்தான் பாய்ந்தேன். வாயைத் திறந்து கேட்டதேயில்லை.

முதல் வருடம் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அடுத்த வருடம் அரையிறுதிவரை போனோம். மூன்றாம் வருடம், அதுவரை எங்கள் களத்தை எட்டிப் பார்க்காத உடற்கல்வி இயக்குநர் விசிலோடு காலையில் வர ஆரம்பித்தார். பி.டி. சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். “இந்த வருஷம் கப்பு வேணும்மா. தாளாளரே கேக்கறார். அட்மிஷன் போஸ்டர்ல பொம்பளப் புள்ளைங்க கப்போட நிக்கணுமாம்” என்றார். எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புது ஜெர்சி வந்தது. களத்துக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வந்தார்.

அவளுக்கு அந்தக் கோப்பை வேறு காரணத்துக்கு வேண்டியிருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மண்டலத்தில் ஜெயித்தால் பல்கலைக்கழக அணிக்குக் கூப்பிடுவார்கள், அதைக் காட்டி இன்னும் இரண்டு வருடம் தள்ளலாம் என்பது அவள் கணக்கு. “அது மட்டும் கெடச்சுதுன்னா எங்கப்பா வாயத் தொறக்க மாட்டாருடி” என்று அடிக்கடி சொல்வாள். அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பயிற்சியில் என் முட்டி மடங்கி விழுந்தேன். வீங்கிவிட்டது. அவள்தான் பஸ்ஸில் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினாள். எலும்பில் ஒன்றும் இல்லை, ஒரு வாரம் ஓய்வெடுத்தால் ஆடலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நான் அழுதேன். அவள் முதுகைத் தட்டினாள்.

“ஊருக்குப் போய் அம்மா கையால சாப்புட்டுட்டுப் படுத்துக் கெட. போட்டிக்கு மொத நாள் போன் பண்றேன். நேரா சேலம் வந்துடு, ஜெர்சிய நான் எடுத்துட்டு வந்துடறேன்.”

கிளம்பும்போது, “எலிஜிபிலிட்டி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ஐடி கார்டையும் குடு, சார் எல்லாருதையும் மொத்தமா வாங்கறாரு” என்றாள். போட்டி அதிகாரிகளிடம் கொடுக்கும் படிவம் அது. இன்னும் நிரப்பவில்லை, போட்டோவும் ஒட்டவில்லை. கையெழுத்துப் போட்டேன். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

எடப்பாடியில் ஆறு நாள். வீக்கம் வடிந்தது. ஏழாம் நாள் வாசலிலேயே உட்கார்ந்து எழுந்து பார்த்தேன், வலியில்லை. பையில் துணி எடுத்து வைத்துவிட்டு அவள் போனுக்காகக் காத்திருந்தேன். சொன்னபடியே கூப்பிட்டாள்.

“ஏய், தேதி தள்ளிப் போச்சுடி. மழையில கிரவுண்டெல்லாம் சேறாம். அடுத்த வாரமோ என்னமோ, சார் சொல்லுவாரு. நீ இன்னும் நாலு நாள் இரு.”

“எனக்கு முட்டி செரியாயிடுச்சு. நான் நாளைக்கே வாரேன்.”

“வேணாம் வேணாம். வந்தா சும்மா இருக்க மாட்ட நீ. எறங்கி ஆடிடுவ.”

அக்கறை என்று நினைத்தேன். எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக ஒருத்தியும் ஒரு வார்த்தை போடவில்லை என்பது உறுத்தியது. ஆனாலும் தேதி தள்ளிப்போன சோர்வு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை அப்பா டீக்கடையிலிருந்து வேகவேகமாக வந்தார். கையில் பேப்பர்.

“சாமி, இங்க பாரு. உம் பேரு வந்திருக்குது. கப்பு உங்க காலேஜுக்குத்தானாமா! பட்டறையில அத்தன பேருக்கும் காட்டிப்போட்டு வாரேன்.” அப்புறம் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “ஆனா மூஞ்சி ஏன் வேற மாதிரி இருக்குது? நீ இங்கதான இருந்த?”

வாங்கிப் பார்த்தேன். கோப்பையோடு எங்கள் அணி நின்றது. நடுவில் அவள். அவளுக்கு இடது பக்கத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில், என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வேறொருத்தி. கீழே வரிசையாகப் பெயர்கள். மூன்றாவதாக என் பெயர்.

“போட்டோவ மாத்திப் போட்டுட்டாங்கப்பா” என்றேன். அவரிடம் அதற்கு முன் நான் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போனேன். அவள் களத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“தள்ளிப் போச்சுன்னு சொன்னியே?”

கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள்.

“யாரு அவ?”

“வேற ஊரு. டிகிரி முடிச்சிட்டாளாம். ஸ்டேட் லெவல்ல ஆடினவ. சார்தான் கூட்டிட்டு வந்தாரு. ஃபாரத்துல அவ போட்டோவ ஒட்டி, உன் ஐடி கார்டுலயும் போட்டோவ மாத்தினாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல?”

“கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”  நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். “நீ எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போமா? உண்மையச் சொல்லு. ஃபைனல்ல அவ ஒருத்தியே ஏழு பேரப் புடிச்சா.”

தேதியைப் பற்றிச் சொன்ன பொய்யைக்கூட நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டரை வருடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரிந்திருந்தது.

பி.டி. சாரிடம் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. “ஏம்மா, உனக்கு ஒரு நட்டமும் இல்லையே. சர்டிபிகேட் உம் பேர்லதான் வரும். காலேஜ் டே அன்னிக்கு மேடையேறி மெடல வாங்கிக்க. அந்தப் பொண்ணு இங்க வர முடியாது, உனக்கே தெரியும்” என்றார். வெளியே வரும்போது, “ஃபாரத்துல இருக்கறது உன் கையெழுத்து, மறந்துடாத” என்றும் சொன்னார்.

மன்றக் கூட்டத்தைக் கூட்டச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு. கூட்டினேன். முக்காலிகளை ஒட்டுப் போட்டுச் சரிசெய்து வைத்திருந்த அந்த அறையில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நோட்டை எடுத்து முதல் விதியைப் படித்தேன். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நடந்ததை நாமே எழுதிக் கொடுக்கலாம் என்றேன்.  இரண்டாமாண்டு படிக்கிற ஒருத்தி மட்டும் கேட்டாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல உங்களுக்கு என்ன போச்சுங்கக்கா? உங்க பேரும்தான வந்திருக்குது?”

அந்த நேரம் அறையிலிருந்த எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் ‘டிங்’ என்றன. எல்லோரும் ஒரே மாதிரி குனிந்து பார்த்தார்கள். என் போன் மடியில் சத்தமில்லாமல் கிடந்தது. நான் இல்லாமல் இன்னொரு குழு தொடங்கியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்தவள் அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் பார்த்துவிட்டேன். குழுவுக்கு எங்கள் மன்றத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்.

கோப்பை இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஏறக்குறைய எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார்கள். முள் வெட்டிய கைகள் அவை. எந்தக் கையில் எந்த இடத்தில் கீறல் விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியும். ஒருத்தி கையைத் தூக்காமல் அழுதுகொண்டே வெளியே போனாள். அவள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேப்டனும் கையைத் தூக்கவில்லை. “எனக்கு ஓட்டு இல்ல” என்றாள். அப்படி ஒரு விதி நோட்டில் கிடையாது.

நோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். விடுதியில் வேறு அறைக்கு மாற்றிக் கேட்டேன். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது.

கல்லூரி நாளன்று நான் ஜெர்சி போடவில்லை. சுடிதாரில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தது. நான் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். என் வகுப்புப் பெண்கள் திரும்பிப் பார்த்து, “போடி, உன்னத்தான்” என்றார்கள்.  நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அப்போது அவள் முன்னால் வந்து, “உடம்பு சரியில்ல சார், நான் வாங்கிக்கறேன்” என்று மைக்கில் கேட்கும்படி சொல்லி, எனக்கான மெடலையும் வாங்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது, தோழிக்காக வாங்குகிறாள் என்று.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அனுப்பவில்லை. அவளுக்குக் கிடைக்கவிருந்த இடம் போய்விடும் என்று இரக்கப்பட்டேன் எனச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையான காரணம் பயம். படிவத்தில் இருந்தது என் கையெழுத்து. சார் சொன்னதை நான் மறக்கவேயில்லை. அவளைப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்தார்கள். கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “பட்டறைக்கு” என்றார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லாத நாள். பேப்பரைக் காட்டிய அத்தனை பேரிடமும், டீக்கடைக்காரரிடமும்கூட, “அது எம்புள்ள இல்லீங்க, வேற புள்ள” என்று சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேர் சிரித்தார்களாம். என்னிடம் அதைப் பற்றி அவர் பேசியதேயில்லை.

அதன்பின் நான் ஆடவில்லை. இப்போது நாமக்கல்லில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் அலுவலகத்தில் வேலை. ஆனால் கபடியை முழுதாக விடவும் முடியவில்லை. நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் போட்டிகளுக்குக் கூப்பிட்டால் போய்வருகிறேன்.

போன வருடம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பெண்கள் போட்டி. சாயங்காலம் ஆட்டம் முடிந்து ஏற்காட்டு மலைப்பக்கமிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் நடுவர்களின் பெயர்களைச் சொல்லி நன்றி சொன்னார்கள். என் பெயரைச் சொன்னதும், களத்துக்கு அந்தப் பக்கம் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி வெடுக்கென்று திரும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, நீங்க நாமக்கல் ரோட்டுக் காலேஜுல படிச்சவங்களா?”

அந்தப் பேப்பர் முகம். கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“உங்க பேரச் சொன்னதும் என்னையத்தான் கூப்புடறாங்கன்னு திரும்பிட்டனுங்க. மூணு நாள் அந்தப் பேருக்குத்தான் ‘என்னங்க’ன்னு கேட்டுட்டு இருந்தேன்” என்றாள். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

அவளை எத்தனையோ முறை மனதுக்குள் அடித்திருக்கிறேன். நேரில் வந்து நின்றபோது எனக்கு அடிக்க ஆள் இல்லாதது போலிருந்தது. பக்கத்துக் கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

“உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு சொன்னாங்க” என்றாள். “நான் கேட்டனுங்க. ‘அந்தப் புள்ள எங்க, அவங்களுக்குச் சம்மதமா’ன்னு. ‘அவளே கார்டக் கழட்டிக் குடுத்துட்டா, போட்டின்னதும் பயந்துட்டு, முட்டி வலின்னு சாக்குச் சொல்லி ஊருக்கு ஓடிட்டா’ன்னு உங்க கேப்டன் சொல்லுச்சு.”

“பயந்துட்டு ஓடிட்டேன்னா?”

“ஆமாங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் முன்னாலதான் சொல்லுச்சு.” டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அன்னிக்கு ஆடின மாதிரி நான் எப்பவும் ஆடினதில்லைங்க. எங்கூட்ல சொல்லவே இல்ல. சொல்லிக்க எம் பேரு எங்கயும் இல்லீங்களே.”

அவளுடைய அணியின் வேன் வந்து ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

நான் பஸ் நிறுத்தத்திலேயே நின்று, எட்டு வருடமாகக் கூப்பிடாத எண்ணுக்குக் கூப்பிட்டேன். எண் மாறவில்லை. அவள் இப்போது வாழப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“ஏய்! நீயா? எப்படிடி இருக்க?” அதே சத்தமான குரல்.

“நான் பயந்துட்டு ஓடிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னியா?”

“எதுடி?”

சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. அதை அதட்டிவிட்டு வந்தாள்.

“அப்படியா சொன்னேன்? சத்தியமா ஞாபகம் இல்லடி. ஏதோ அந்த நேரத்துக்குச் சொல்லியிருப்பேன். அதெல்லாம் இன்னுமா மனசுல வெச்சிருக்க? விடு, எவ்ளோ வருஷமாச்சு.”

நடிக்கவில்லை, அவள் குரல் எனக்குத் தெரியும். உண்மையிலேயே மறந்திருந்தாள். அன்றைக்குக் கை தூக்கியவர்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும், ஏன் ஒருத்தியும் பிறகு என்னைத் தேடி வரவில்லை என்பதும் இந்த ஒரு சொல்லில்தான் இருந்தன. என்னை அவர்களிடமிருந்து பிடுங்கிப் போட்ட அந்தச் சொல், அவளுக்கு அந்த நேரத்துக்குச் சொன்ன ஒன்று.

“சரி, இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வா. சாப்புட்டுட்டுப் போலாம்” என்றாள்.

“வாரேன்” என்றேன்.

நாமக்கல் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து இருக்கை அம்மா, “என்ன சாமி, ஊட்ல ஏதாவதா?” என்று கேட்டு, ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.